கிரவுட்

முதலில் வாயில்தான் வந்தது.
சம்பலைக் குறை சொன்னோம்.
பற்பசையை மாற்றினோம்.
ஜெலுத்தோங் பல் டாக்டர்
குற்றமில்லாத கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கி
நூற்றிருபது வெள்ளி வாங்கிக்கொண்டார்.
மங்களேஸ்வரி ஐந்து மாதம்
ஆறிப்போன கஞ்சியைக்
கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

பிறகு முதுகில். பிறகு மார்பில்.
பையில் கட்டித் தரும் தேத்தண்ணி மாதிரி
நீர் கோத்துத் தொங்கும் கொப்புளங்கள்.
தொட்டால் ஆடும். தொடாவிட்டாலும் உடையும்.
பதினோராம் மாடிக்காரர்கள் அம்மை என்றார்கள்.
யாரோ எங்கள் கிரில் கதவில்
வேப்பிலை செருகிவிட்டுப் போனார்கள்,
அன்பாகத்தான்.
லிப்டில் மட்டும்
எங்களோடு ஏறவில்லை.

பினாங்கு பெரியாஸ்பத்திரியில்
டாக்டர் நோர் அஸ்லினா
புண் இல்லாத இடமாகப் பார்த்து
கட்டைவிரலால் மெல்ல ஒரு தள்ளு தள்ளினார்.
தோல் நகர்ந்தது.

இருபத்திரண்டு வருஷமாக டைல்ஸ் ஒட்டுகிறவன் நான்.
காயாத கல்லில் கை பட்டால் எப்படி நழுவும் என்று
என் விரலுக்குத் தெரியும்.
நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பாயின்ட்மென்ட் அட்டையின் பின்பக்கம்
கட்டம் கட்டமாக வரைந்தார்:
இது தோலின் ஒரு செல். இது பக்கத்துச் செல்.
நடுவில் இருப்பது பசை.
காவலுக்கென்று உடம்பு வைத்திருக்கும் ஆட்கள்
அந்தப் பசையையே திருடன் என்று நினைத்து
அடிக்கிறார்கள், ராப்பகலாக.
"கிரவுட்" என்றேன்.
வீடு கட்டிக்கொண்டிருந்தாராம்;
சட்டென்று பிடித்துக்கொண்டார்.
தொற்றுமா? தொற்றாது.
சாபமா என்று கேட்க வாயெடுத்தேன்,
மங்களேஸ் என் காலை மிதித்தாள்.

பெம்பிகஸ் வல்காரிஸ்.
மோட்டாரில் திரும்பும் வழியெல்லாம்
ஹெல்மெட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.
பதினோராம் மாடிக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

ஏன் இவளுக்கு என்றும் கேட்டிருந்தேன்.
"கித்தா பெலும் தாஹு" என்றார்.
தெரியாது இல்லை; இன்னும் தெரியவில்லை.
அதுவும், 'காமி' என்று சொல்லியிருந்தால் நாங்கள்,
அதாவது டாக்டர்மார்கள்.
'கித்தா' என்றார். நாம்.
அவரும் இவளும் நானும்
ஒரே பெஞ்சில் உட்கார்ந்து
தெரியாமலிருந்தோம் கொஞ்ச நேரம்.

வார்டில் விரிப்பு ஒட்டிக்கொண்டு
எழும்போதெல்லாம் அவளையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டது.
வீட்டுக்கு அனுப்பும் நாளில்
மிஸ்ஸி காதோடு சொன்னார்:
வாழையிலை விரித்துப் பாருங்கள்.

விடியாத பசாரில் வைரக்கண்ணு அண்ணன் கேட்டார்:
"என்ன விசேஷம்? எத்தனை பேருக்கு?"
"ஒரு ஆளுக்கு."
"ஒரு ஆளுக்குப் பன்னிரண்டு இலையா?"
"படுக்க."

மேற்கொண்டு கேட்கவில்லை.
சுருட்டிக் கட்டியதை மறுபடி பிரித்தார்.
கத்தியை வேட்டியில் துடைத்தார்.
ஒவ்வோர் இலையிலும்
நடுநரம்பின் தடிப்பைச் சீவி எடுத்தார்,
பன்னிரண்டுக்கும்.
பின்னால் ஆட்கள் நின்றார்கள்.
"குத்தும்ல" என்றார்.
கட்டம் போட்ட அட்டையை
அவர் பார்த்ததே இல்லை.

மாத்திரையில் அவள் முகம் உருண்டு போனது.
"மூன்கேக்" என்றாள் கண்ணாடியிடம்.
எழுந்தால் மூச்சிரைப்பு, படுத்தால் தூக்கமில்லை,
நடுச்சாமத்தில் அகோரப் பசி,
பசித்தும் தின்ன முடியாத வாய்.
அவள் புரளும்போது இலை சரசரக்கும்.
தரையில், நானே ஒட்டிய கல்லில் படுத்தபடி
எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் என்று
எண்ணிக்கொண்டிருப்பேன்.
ஒரு சத்தமும் இல்லையென்றால்
எழுந்து பார்ப்பேன்.

இப்போது முதுகில் புதுத்தோல்,
பழுப்பும் கறுப்புமாக,
ஒரே பெட்டியில் வராத கற்கள் மாதிரி.
நிறம் சேரவில்லை. பிடித்திருக்கிறது.
எத்தனை நாளைக்கு என்று டாக்டர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

நேற்று ஓர் இலை மிச்சம்.
கழுவி, தண்ணீர் தெளித்து
எனக்குச் சோறு போட்டாள்.
சம்பலை ஓரத்தில் வைத்தாள்.
"உனக்கு?"
நாக்கால் வாய்க்குள் நாலு மூலையும்
தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"பெலும்."